நிமிர்ந்த மோவாய்

தண்ணீர் போதாதாம். ரோஸ் கலர் கோட்டுப் போட்ட பெண் வந்து அடிவயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னும் நெறையணும்க்கா, நிக்க முடியாம முட்டணும், அப்பத்தான் படம் தெளிவா வரும்" என்று சொல்லிப் போய்விட்டாள், ஆவுடையம்மாள் பாட்டிலை மறுபடியும் தூக்கினாள். அண்ணாந்து குடிப்பது அவளுக்கு ஒரு வேலையே இல்லை, பிறந்தது முதல் பாதி அண்ணாந்தபடிதானே இருக்கிறாள், இமை இரண்டும் பாதிக்கு மேல் ஏறாத கண், திறப்பே குறுகலான கண், எதிரில் நிற்கிறவர் முகம் தெரிய வேண்டுமென்றால் மோவாயைத் தூக்கியாக வேண்டும். அவளை முதன்முதல் பார்க்கிறவர்கள் தூங்கி வழிகிறாள் என்று நினைப்பார்கள், கொஞ்சம் பழகினவர்கள் திமிர் என்று நினைப்பார்கள், பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் இரண்டையும் சேர்த்து, தூங்கும்போதும் திமிரைப் பார் என்று சொன்னது இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது. தண்ணீர் தொண்டையில் குளிர்ச்சியாக இறங்கி எங்கோ போய்ச் சேர்ந்தது. நிறைந்த மூத்திரப்பை குடலை ஒதுக்கிவிட்டு ஒரு சன்னல் மாதிரி நிற்குமாம், அந்தச் சன்னல் வழியாகப் பார்த்தால்தான் சினைப்பைகள் தெரியுமாம், அவற்றுக்குள் முட்டை இருக்கிறதா, இல்லை சொல்லாமல் கொள்ளாமல் எல்லாம் தீர்ந்துபோய்விட்டதா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். வேறு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. மாதவிலக்கு வருவதும் வராமலிருப்பதும் அதன் இஷ்டம் என்று ஆகிக் கொஞ்ச காலமாயிற்று, வராத மாதம் முதலில் சந்தோஷமாக இருந்தது, அடுத்த மாதம் சந்தேகமாக இருந்தது, அப்புறம் பயம். பக்கத்து நாற்காலியில் அப்பா சங்கரலிங்கம், துணை மின்நிலையத்தில் ராத்திரி டூட்டி முடித்த கையோடு பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறி வந்தவர், காக்கிச் சட்டையில் இன்னும் எண்ணெய் வாசம், அதே இமை, அதே மோவாய், சுவரில் மாட்டியிருந்த குண்டுக் குழந்தை படத்தை மூக்கு நுனி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "யப்பா, இட்லி சாப்பிட்டுட்டு வாங்களேன்." "நீ தண்ணியக் குடி." அவ்வளவுதான் பேச்சு.

டாக்டரம்மா நல்ல மனுஷி. போன வாரம் வயிற்றுக்குள் என்ன என்று கேட்கப் போனவளிடம் முதலில் கண்ணைப் பற்றித்தான் கேட்டாள், மேசை விளக்கைத் திருப்பி, விரலால் இமையை மெதுவாகத் தொட்டு, "இந்தக் கண்ணு உங்க வீட்டுல இன்னும் யாருக்கும்மா இருக்கு?" கண்ணுக்கும் கர்ப்பத்துக்கும் என்ன என்று ஆவுடை நினைத்தாள், ஒருவேளை டாக்டரும் மூஞ்சியைப் பார்த்து ராசி சொல்கிற ஆளோ என்றுகூட ஓடியது. அப்புறம்தான் அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள், ஒரே ஒரு ஜீன், அது உடம்பில் எல்லா இடத்திலும் இருக்கிறது, நகத்தில் இருக்கிறது, நாக்கில் இருக்கிறது, ஆனால் அங்கேயெல்லாம் பேசாமல் கிடக்கும், அது முழித்து உட்கார்ந்து வேலை பார்ப்பது இரண்டு மூன்று இடங்களில்தான், முக்கியமாகக் கண்ணிமை, சினைப்பை. எல்லோருக்கும் அதில் இரண்டு பிரதி, அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று, உனக்கு அதில் ஒன்று வேலை செய்யவில்லை, பாதிதான் ஓடுகிறது. இமைக்குப் பாதி போதவில்லை, அது கண்ணாடியிலேயே தெரிகிறது. சினைப்பைக்குப் பாதி போதுமா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், சில வீடுகளில் பெண்கள் ஒன்றுமே நடக்காதது போலப் பிள்ளை பெறுவார்கள், சில வீடுகளில் இளவயதிலேயே முட்டையெல்லாம் தீர்ந்து சினைப்பை ஓய்ந்துவிடும், ஆண்களுக்குக் கண்ணோடு போய்விடும், அவர்கள் பாட்டுக்குப் பிள்ளை பெற்று அதைக் கை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கை மாற்றி. அப்பா அன்றைக்கு வரவில்லை, நல்லவேளை. ஆனால் வீட்டுக்குப் போய் ஆவுடைதான் சொன்னாள், மறைக்க அவளுக்கு வராது, அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "லோ வோல்டேஜி" என்றார். அது அவளுக்கு டாக்டர் சொன்னதைவிடச் சட்டென்று புரிந்தது, சின்ன வயதில் ஊருக்கே கரண்டு அனுப்புகிறவர் வீட்டில் சாயங்காலமானால் கரண்டு பாதியாகிவிடும், டியூப் லைட் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிக் கடைசிவரை எரியாது, ஆனால் அதே கம்பியில் வருகிற அதே கரண்டில் அடுப்படியில் குண்டு பல்பு மங்கலாக எரிந்துகொண்டிருக்கும், அம்மா அந்த வெளிச்சத்தில் தோசை வார்த்துக்கொண்டிருப்பாள். இமை டியூப் லைட். அது முடிந்துபோன சங்கதி. உள்ளே இருப்பது டியூப் லைட்டா குண்டு பல்பா. முட்ட ஆரம்பித்துவிட்டது, லேசாக, யாரோ உள்ளிருந்து கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி, காலை மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

அவள் காற்றாலையில் வேலை பார்க்கிறவள், கயத்தாறுப் பக்கம், காத்து ஓய்ந்த மதியங்களில் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து போனில் எதையாவது படிப்பது அவளுக்கு டிப்ளமா காலத்திலிருந்தே உள்ள பழக்கம், இந்த ஒரு வாரமாக அந்த ஜீனைத்தான் படித்தாள், பாதி புரியும், பாதி புரியாததை அகராதியில் பார்ப்பாள், அகராதியிலும் புரியாததை விட்டுவிட்டு நகர்வாள். எலியில் செய்து பார்த்திருக்கிறார்கள். வளர்ந்த பெண் எலி, சினைப்பையெல்லாம் சரியாக உருவாகி முடிந்தது, அதில் போய் அந்த ஜீனை மட்டும் அணைத்துவிட்டார்கள், கொஞ்ச நாளில் சினைப்பை தான் சினைப்பை என்பதையே மறந்து விரையைப் போல மாறத் தொடங்கிவிட்டதாம். அதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்து வேலி ஓரமாக நின்றாள். அப்படியென்றால் அது ஒருதரம் கட்டி முடித்துப் பூட்டுப் போட்டுவிட்டு வருகிற வேலை இல்லை, அம்மா வயிற்றுக்குள் இருக்கும்போதே தொடங்கி, பெரிய மனுஷியாகி, கல்யாணமாகி, அன்றாடம் யாரோ ஒருவர் அங்கே உட்கார்ந்து, நீ இதுதான், நீ இதுதான் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, அவர் எழுந்து போய்விட்டால் வீடு வேறு வீடாகிவிடும். ராத்திரி டூட்டி. வேறென்ன. ஊர் தூங்கும்போது ஒருவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, அவர் உட்கார்ந்திருப்பது யாருக்கும் தெரியாது, அவர் எழுந்துபோனால்தான் தெரியும். அப்பாவைப் பார்க்க வந்த ஒரு புது அதிகாரி ஆள் தூங்குகிறார் என்று நினைத்து மூஞ்சிக்கு நேரே டார்ச் அடித்தாராம், கூட வந்த டிரைவரிடம் மெமோ எழுதப் பேனா எடுக்கச் சொன்னாராம், அப்பா அசையாமல், "ஐயா, லைட்டக் கொஞ்சம் தாத்துங்க, மீட்டர மறைக்கி" என்றாராம். அந்த அதிகாரி அப்புறம் நல்ல சிநேகிதராகி, ஆவுடை கல்யாணத்துக்குக்கூட வந்தார், பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார், அது வேறு கதை. ஒரு வேலைக்காரர் வாழ்நாள் பூராவும் தூங்கவில்லை என்று நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருக்கிறவரும் அப்படித்தானோ, அரைக்கண்ணோடு, பாதிச் சம்பளத்தோடு, தூங்குகிற மாதிரித் தெரிந்துகொண்டு. தூங்குகிறாரா. ரோஸ் கோட்டு இந்தப் பக்கம் வந்தது, இல்லை, வேறு யாரையோ கூட்டிக்கொண்டு போனது, பச்சைப் புடவை, அந்தப் பெண்ணுக்கு முன்னால் வயிறு நடந்து போனது. ஆவுடை அதைப் பார்த்தாள், பார்க்காதது போல இருக்க அவள் கண்ணுக்கு எந்தச் சிரமமும் இல்லை, அது ஒரு வசதி.

பிரமு அத்தைக்கு இந்தக் கண். டாக்டரம்மா கேட்டாளே, உங்கள் வீட்டில் இந்தக் கண்ணோடு இருந்த பெண்கள் யாருக்காவது பிள்ளை உண்டா, அதை வைத்துத்தான் எந்த வகை என்று ஓரளவு சொல்ல முடியும் என்று, அந்தக் கேள்விக்கு முழுக் குடும்பத்திலும் இருக்கிற ஒரே பதில் பிரமு அத்தை, அப்பாவின் அக்கா, பிரமநாயகி, செத்துப்போய்விட்டாள், பிள்ளை இல்லை, அதனால் புருஷன் வீட்டிலிருந்து அனுப்பி வைக்கப்பட்டவள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அத்தையைக் குனிந்த தலை நிமிரக் கூடாது என்று சொல்லிச் சொல்லித்தான் கூட்டிவந்தார்களாம், கண் தெரியக் கூடாது என்பதற்காக அதைவிடக் கூடுதலாகக் குனிய வைத்தார்களாம், குனிந்தால் இந்தக் கண்ணுக்குத் தரையைத் தவிர ஒன்றும் கிடையாது, மணவறையிலும் அதே குனிசல்தான். "மாப்பிள்ளையோட கால் பெருவெரலத்தான் பாத்தேன், அது நல்லாத்தான் இருந்துச்சு, மத்ததெல்லாம் பொறவுல்லா தெரிஞ்சுது" என்று அத்தை சொல்லிச் சிரிக்கும்போது வாயில் வெற்றிலை தெறிக்கும். சில வருஷம் கழித்து ஒரு ஆடி மாதம் பெட்டியோடு வந்து நின்றாள், அங்கே வேறொருத்தி வருகிறாள் என்று சொல்லிவிட்டார்களாம், மலடி என்ற சொல்லை அவளுக்கு முன்னாலேயே அந்தத் தெருவுக்கு அனுப்பி வைத்திருந்தார்கள், அது வந்து எல்லா வாசலிலும் உட்கார்ந்துகொண்டு அவளுக்காகக் காத்திருந்தது. அத்தை பஸ்ஸை விட்டு இறங்கினாள், பெட்டியை இடுப்பில் வைத்தாள், மோவாயைத் தூக்கினாள், தெரு முழுக்க ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். அப்பா இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் வேறாக இருக்கும். "அன்னைக்கு நிமித்துன தலைய எங்க அக்கா பொறவு தாத்தவே இல்ல." பீடி சுற்ற மட்டும் குனிவாள், அந்த வேலைக்கு இந்தக் கண்ணே எதேஷ்டம் என்பாள், சுற்றின பீடிக் காசில்தான் அப்பாவின் படிப்பு, அந்தப் படிப்பில்தான் மின்சார வேலை. அவளுக்குள் என்ன இருந்தது, என்ன இல்லை என்று ஒருத்தரும் சன்னல் வைத்துப் பார்க்கவில்லை. ஒருவேளை முட்டை நிறைய இருந்து அந்த ஆளிடம் ஏதோ குறை இருந்திருக்கலாம், அடுத்தவளுக்குப் பிள்ளை பிறந்தது என்கிறார்கள், யார் கண்டது. ஒருவேளை பாதிக் கரண்டு அவளுக்குப் போதாமலே போயிருக்கலாம். ஆவுடைக்கு அடிவயிற்றில் சுரீர் என்றது. அத்தையிடம் இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது, அத்தை, அது நீ செய்த பாவமும் இல்லை, உன் ராசியும் இல்லை, உன் கண்ணை வடிவமைத்த அதே கைதான் உள்ளேயும் வேலை பார்த்தது, அதற்கு ஆள் போதவில்லை, அவ்வளவுதான். அத்தை என்ன சொல்லுவாள். "அத அன்னைக்கே எவனாச்சும் அவனுவகிட்டச் சொல்லிருக்கலாம்லாட்டி" என்பாள். ஆமாம். அதைத்தான் சொல்லுவாள்.

அத்தையின் கதையைக் கேட்டு வளர்ந்ததால்தான், தன்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக் காப்பித் தட்டைக் கீழே வைத்ததும் ஆவுடை நேராக நிமிர்ந்து, மோவாயை எவ்வளவு தூக்க வேண்டுமோ அவ்வளவு தூக்கி, நடு நாற்காலியில் இருந்த குற்றாலிங்கத்தை முழுசாகப் பார்த்தாள், நெற்றி, மூக்கு, சவரம் செய்யும்போது கீறிக்கொண்ட இடம், சட்டையின் மேல் பொத்தான். அவன் அக்கா, "பொண்ணு ரொம்பத்தான் பாக்கா" என்றாள். குற்றாலிங்கம் அப்புறம் ராத்திரிகளில் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வான். "எனக்கு வேத்துட்டு. இன்டர்வியூக்கு வந்தமா, பொண்ணு பாக்க வந்தமான்னு ஆயிட்டு. ஆனா ஒண்ணு, அதுக்கு முன்னால என்ன அப்படி ஒருத்தரும் பாத்ததில்ல." அவனும் அவளைப் போல மேலே பார்க்கிற ஆள்தான், கிரேன் ஆபரேட்டர், காற்றாலை இறக்கை ஒன்றை ஏற்றும் வேலைக்கு வந்த இடத்தில்தான் அவளைப் பார்த்துவிட்டு வீட்டில் சொன்னான், எல்லோரும் கழுத்து வலிக்கிறது என்று குனிந்துகொண்ட வேளையில் அவள் ஒருத்தி மட்டும் உச்சியைப் பார்த்தபடி வாக்கிடாக்கியில் சொல்லிக்கொண்டிருந்தாளாம், இன்னும் கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம், நிறுத்து. கோபுரத்துக்குள் ஏணியில் ஏறி உச்சிக்குப் போய் மூடியைத் தூக்கி வெளியே தலையை நீட்டுகிற முதல் பெண் அந்தத் தளத்தில் அவள்தான், காற்று முகத்தில் அறையும், கீழே கரிசல் காடு, வெள்ளை வெள்ளையாகக் காற்றாடிகள், எல்லாவற்றுக்குள்ளும் ஒரே புரோகிராம்தான், ஒரே பெட்டி, ஒரே கம்பி, ஆனால் அந்தந்த இடத்துக் காற்றைக் கேட்டு ஒன்று சுற்றும், ஒன்று நிற்கும், நிற்கிறதெல்லாம் கெட்டுப்போனதில்லை என்று புதிதாக வருகிற பையன்களிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். இமையைத் தூக்கி வைக்க ஆபரேஷன் உண்டு, கல்யாணத்துக்கு முன்னால் அம்மா அதற்காக அழுதாள், நெற்றிச் சதையோடு கட்டிவிடுவார்களாம், செய்துகொள்கிறவர்களை அவள் தப்பென்று நினைக்கவில்லை, சின்னப் பிள்ளையில் பார்வை மறைத்தால் செய்துதான் ஆக வேண்டும், ஆனால் அவளுக்குப் பார்வை மறைக்கவில்லை, மறைத்தது மற்றவர்களுக்கு. "எனக்குத் தெரியுதும்மா" என்றாள். நேற்று ராத்திரி குற்றாலிங்கம் குஜராத்திலிருந்து போனில், "இருந்தா இருக்கு, இல்லன்னா இல்ல, அதுக்காகப் படுத்துராத, கேட்டியா" என்றான், கொஞ்சம் நிறுத்தி, "இருந்தா நல்லாருக்கும்" என்றான். அந்த இரண்டாவதைச் சொன்னதற்காகத்தான் அவனை அவளுக்குப் பிடிக்கும். இருந்தால் நல்லாயிருக்கும். பிறக்கிற பிள்ளைக்கும் இதே கண்ணாக இருக்கலாம், ரூபாய்க் காசைச் சுண்டுகிற மாதிரிதான் என்று டாக்டரம்மா சொன்னாள், தலையா பூவா. இருக்கட்டும். வந்து சேரட்டும். நிமிரக் கற்றுக்கொடுக்க இந்த வீட்டில் ஆளா இல்லை.

இதற்கு மேல் முடியாது. முட்டுவது போய் இப்போது வலிக்கிறது, முதுகுவரை பிடிக்கிறது, எந்த நினைப்பும் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை, எல்லாம் அங்கேயே போய் இடிக்கிறது. இன்னும் ஏன் கூப்பிடவில்லை. பச்சைப் புடவைக்கு அடுத்தது தான்தான் என்று ஒரு கணக்கு இருந்தது, பச்சைப் புடவை எப்போதோ வெளியே வந்து மாதுளம்பழம் வாங்கப் போய்விட்டாள், அதற்குப் பிறகு ஒரு சுடிதார் போனது, ஒரு வயதான அம்மாள் போனாள். ஆவுடை கைப்பிடியைப் பிடித்து எழுந்து நின்றாள், தரை கொஞ்சம் நகர்ந்தது. "ஏம்மா, என்னக் கூப்பிடலயா?" ரோஸ் கோட்டுக்குத் திக்கென்றது. "ரெண்டு தடவ வந்து பாத்தேன்க்கா. நீங்களும் அப்பாவும் நல்லாத் தூங்கிட்டிருந்தீங்க, டேங்க் நெறைய நேரமாகும், எழுப்ப வேண்டாம்னுட்டு அடுத்த ஆள அனுப்பிட்டேன்." காத்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். ஆவுடைக்கு முதலில் காந்தியது, அந்த டீச்சர், அந்த அதிகாரி, பொண்ணு ரொம்பத்தான் பாக்கா, எல்லாம் ஒரே சமயத்தில் வாசலில் வந்து நின்றார்கள், அப்புறம் வயிறு இருந்த இருப்பில் கோபப்படவும் இடமில்லை, சிரித்தால் ஆபத்து. "தூங்கலம்மா. எங்க கண்ணு இப்படித்தான். இன்னும் ஒரு ஆள உள்ள அனுப்புனேன்னா இந்தத் தரைய நீதான் தொடைக்கணும்." அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். அப்பா திரும்பவில்லை, ஆனால் நாற்காலிக் கைப்பிடியில் இருந்த அவருடைய கை இறுகியிருந்ததை அவள் பார்த்தாள், நரம்பு புடைத்து, கரண்டு வேலை பார்த்த கை. அதுவரைக்கும் அவர் பயப்படுகிறார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கை மாற்றிக் கொடுத்தவர். ஒரு வாரமாக அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார், குண்டுக் குழந்தை படத்தை இல்லை.

உள்ளே இருட்டு, ஏசி, வயிற்றில் ஊற்றின ஜெல் ஐஸ் மாதிரி. ஸ்கேன் பார்க்கிற டாக்டர் வேறு ஒருவர், அதிகம் பேசாதவர், கருவியை வைத்து அழுத்தினார், ஐயோ, அங்கேயா, அழுத்தாதீர்கள், அழுத்தத்தான் செய்வார். மருத்துவர் பார்க்கிற திரை ஒரு பக்கம், படுத்திருக்கிறவர்கள் பார்ப்பதற்காகக் கால்மாட்டுச் சுவரில் உயரத்தில் இன்னொரு திரை, மற்றவர்கள் தலையணையில் கழுத்தைத் தூக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கும் போல, அவளுக்குத் தேவைப்படவில்லை, இமைக்குக் கீழே திறந்திருந்த அவளுடைய பாதிக் கண் நேராக அங்கேதான் பார்த்தது. கறுப்பாக ஒரு குளம், அதுதான் இவ்வளவு நேரம் சுமந்த தண்ணீர். அதற்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் மழை பெய்வது போல ஏதோ. "இடது பக்கம் சின்னது" என்றார் அவர், யாரிடமோ சொல்வது போல. "உள்ள ஒண்ணும் தெரியல." சாம்பல், சாம்பல், சாம்பல். தூங்குகிறாரா. எழுந்து போய்விட்டாரா. அத்தை பெட்டியோடு தெருமுனையில் நின்றாள், ஒவ்வொரு வாசலாகப் பார்த்தாள், ஆவுடை தன் மோவாய் தலையணையிலும் தானாக உயர்வதை உணர்ந்தாள், சரி, இல்லையென்றால் இல்லை, இதைவிட உயரமான இடத்திலிருந்து கீழே பார்த்தவள்தான், பார்க்கலாம். கருவி வலது பக்கம் நகர்ந்தது. நின்றது. ஒரு விரல் அகலம் பின்னால் வந்தது. மறுபடியும் நின்றது. "இங்க இருக்கு." சாம்பலுக்கு நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு, மிளகு மாதிரி, அதன் பக்கத்தில் இன்னொன்று, கொஞ்சம் தள்ளி ஒன்று. "கம்மிதான். ரொம்ப நாள் காத்திருக்க வேண்டாம், டாக்டரம்மாகிட்டப் பேசிருங்க. ஆனா இருக்கு, வேல நடக்குது." குண்டு பல்பு. மங்கலாகத்தான், ஆனால் அந்த வெளிச்சத்தில் தோசை வார்க்கலாம். அரைக்கண்ணோடு அங்கே ஒருவர் உட்கார்ந்துகொண்டு, ஒருத்தரும் பார்க்காதபோதும், மெமோ எழுதப் பேனா எடுத்தபோதும், நீ இதுதான், நீ இதுதான் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அவளுக்கு அழுகை வரவில்லை. ஒரு பெருமை வந்தது, யாரோ தன் வீட்டு ஆள் தூரதேசத்தில் ஒற்றையாக நின்று சமாளித்துவிட்டார் என்று கேள்விப்பட்ட மாதிரி, அத்தைக்கும் சேர்த்து வந்தது, அவளுக்குள்ளும் யாரோ இப்படி இருந்திருப்பார், இருந்து போராடிப் பார்த்திருப்பார். "எந்திரிக்கலாம்மா. பாத்ரூம் அந்தப் பக்கம்."

பாத்ரூமில் அவள் வெகு நேரம் இருந்தாள், உலகத்தில் அதைப் போல ஒரு சுகம் கிடையாது, சுவரில் கைவைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தாள். கதவைத் திறந்தபோது ரோஸ் கோட்டுப் பெண் எதிரே ஓடி வந்தாள், குரலைத் தாழ்த்தி, "அக்கா, உங்கப்பா இந்தத் தடவ நெசமாவே தூங்கிட்டாருன்னு நெனைக்கேன், பாவம், நைட் டூட்டியாம்லா, எழுப்பவா?" என்றாள். ஆவுடை பார்த்தாள். வரிசையின் கடைசி நாற்காலியில் அவர் தலையைப் பின்னால் சாய்த்து, மோவாய் கூரையைப் பார்க்க, அசையாமல் இருந்தார், அந்த இமைகளுக்குக் கீழே மயிரிழை அளவு ஒரு ஈரம் மினுங்கியது, அது இந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அவரை நோக்கித் தலையை மட்டும் அசைத்தாள், சின்னதாக, மேல்பக்கமாக. கைப்பிடியில் இறுகியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. "வேண்டாம்மா" என்றாள் ஆவுடையம்மாள். "அவ்வொ முழிச்சுக்கிட்டுதான் இருக்காவ."